தம்பி வாங்க வேண்டிய கார் எது?

போன மாதம் ஒரு தம்பி எங்களை அழைத்தார். விழுப்புரம் பக்கம் காலனி. அப்பா செங்கல் சூளையில் இருந்தவர், அம்மா இப்போதும் நூறு நாள் வேலைக்குப் போகிறார். இவர் பொறியியல் முடித்து சென்னையில் மென்பொருள் வேலையில் ஐந்தாவது வருடம். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் மாதச் சம்பளக்காரர். இப்போது முதல் கார் வாங்கப் போகிறார். கையில் மூன்று லட்சம் இருக்கிறது. மீதி எட்டு லட்சத்துக்குக் கடன்.

"அண்ணே, ஒன்பது வருசப் பழைய ஜெர்மன் கார் ஒண்ணு பதினோரு லட்சத்துக்கு வருது. அதே காசுக்குப் புது டிசையர் டாப் மாடலும் வருது. எத வாங்குறது?"

எங்களிடம் வரும் அழைப்புகள் வேறு மாதிரி. முதல் தகவல் அறிக்கை போட மறுக்கிறார்கள், உதவித்தொகை வரவில்லை, விடுதியில் சோறு சரியில்லை. கார் வாங்க யோசனை கேட்டு வந்த முதல் அழைப்பு இதுதான். குழுவில் பகிர்ந்தோம். ஒரு தோழர் சிரிப்புப் படம் போட்டார். இன்னொருவர், "பஸ்ல போகச் சொல்லுங்க தோழர், பெட்ரோல் மிச்சம்" என்றார். மூன்றாமவர் 'நுகர்வு வெறி' பற்றி நான்கு பத்தி எழுதினார். அவர் வீட்டில் இரண்டு கார் நிற்பது எங்களுக்குத் தெரியும். அவருடைய தாத்தா காலத்திலேயே அம்பாசிடர் நின்ற வீடு அது.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் 'ஆடம்பரம்' என்ற சொல்லைப் பார்ப்போம். இந்தச் சொல் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஊரில் ஒருவர் கார் வாங்கினால் 'முன்னேறிட்டான்'. காலனியில் ஒருவர் வாங்கினால் 'திமிரு வந்துடுச்சு', 'ஏது காசு?', 'லோன்ல வாங்கியிருப்பான்'. கார் ஒன்றுதான், கடன் தந்த வங்கியும் ஒன்றுதான். சொல் மட்டும் மாறுகிறது. சிக்கனத்தை உபதேசிக்க இந்த நாட்டில் எப்போதும் ஆள் உண்டு. உபதேசம் ஏன் கிழக்கு நோக்கியே, சேரியை நோக்கியே வருகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

1893ஆம் ஆண்டு. திருவிதாங்கூரில் வெங்ஙானூர். அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். அன்றைக்கு அது சொகுசு வாகனம். மேல்சாதிப் பிரபுக்கள் ஏறிப்போகும் வண்டி. புலையர்கள் பொதுச்சாலையில் நடக்கவே அனுமதியில்லாத காலத்தில், இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, கழுத்தில் மணி கட்டி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக அந்தச் சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போனார். மறித்தவர்களை எதிர்கொண்டார். நம் நுகர்வு வெறித் தோழர் அன்றைக்கு இருந்திருந்தால், 'நடந்தே போயிருக்கலாமே, காளைக்குப் புல் செலவு மிச்சம்' என்று அவருக்கும் நான்கு பத்தி எழுதியிருப்பார்.

சாலை சும்மா கிடைத்ததல்ல. நம் பக்கம், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சொல்ல 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. சாலையில் நடக்கும் உரிமைக்குத் தீர்மானம்! நூறு ஆண்டு கழிந்த பிறகும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லும் தெருக்கள் தமிழ்நாட்டில் இருந்தன, இருக்கின்றன. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புதிய ஆடை உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று தனி உட்பிரிவே எழுதினார்கள். நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை. அந்தப் பட்டியலில் இருக்கும் 'புதிய' என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் வருவோம்.

நம்மவர்கள் கொஞ்சம் எழுந்து நின்ற இடங்களில் எல்லாம் முதல் அடி பொருள்கள் மீதுதான் விழுந்தது. 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். வளைகுடாவுக்குப் போய் உழைத்துச் சம்பாதித்த காசில் நிமிர்ந்த ஊர். உள்ளே புகுந்தது காவல்துறை. உடைத்தது எதை? தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம், சைக்கிள், டிராக்டர். எரித்தது எதை? துணிமணியை, படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களை, பாஸ்போர்ட்டுகளை. இதெல்லாம் கலவரத்தில் கைபோன போக்கில் நடந்தது என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். அந்த ஊர் எந்த வழியாக மேலே வந்ததோ அந்த வழியைத் தேடிப்பிடித்துக் கொளுத்தினார்கள்.

2012 நவம்பர் 7, தருமபுரி நாயக்கன்கொட்டாய். நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர். பெங்களூருக்குப் போய் வேலை செய்து கட்டிய வீடுகளும் வாங்கிய வண்டிகளும் ஒரே மாலையில் கரியாயின. அதன் பிறகு நடந்த பேச்சு நினைவிருக்கிறதா? ஜீன்ஸ் பேண்ட், டீ சர்ட், கூலிங் கிளாஸ். ஒரு சமூகத்தின் பிள்ளைகள் மூக்குக் கண்ணாடி போடுவது மாநில அரசியல் பிரச்சினையானது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்க மாட்டாமல் வெட்டினார்கள் என்பது புகார். ஓட்டிய கை. அதனால்தான் கை.

ஆகவே அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரித்த தோழர்களுக்கு: நமக்கு வண்டி என்பது வெறும் வண்டியாக இருந்ததே இல்லை. அவர் ஜெர்மன் காருக்கு ஆசைப்பட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொகுசு யாருடைய தனிச்சொத்தும் அல்ல. இதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தத் தம்பியிடம் நாங்கள் சொன்னது: டிசையரை எடுங்கள்.

"என்ன அண்ணே, நீங்களும் அவங்கள மாதிரியே பேசுறீங்க" என்றார். இல்லை தம்பி. அவர்கள் சொன்னது 'உனக்கெதற்கு'. நாங்கள் சொல்வது 'உனக்கு இது போதாது'. அந்தப் பழைய கார் உங்களுக்குப் போதாது.

அம்பேத்கர் தன் வாழ்வின் சில நிகழ்ச்சிகளை 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலில் எழுதியிருக்கிறார். வாசிக்காதவர்கள் இன்றைக்கே வாசியுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதில் இரண்டு வண்டிகள் வருகின்றன. முதலாவது 1901இல், மசூர் ரயில் நிலையத்திலிருந்து கோரேகான் போக ஒரு மாட்டு வண்டி. இரட்டை வாடகை தந்த பிறகும் மகார் பிள்ளைகளுக்கு வண்டியோட்ட மறுத்து, பிள்ளைகளையே ஓட்டச் சொல்லிவிட்டுக் கூடவே நடந்து வந்தான் வண்டிக்காரன். அது பலருக்கும் தெரியும். எங்களுக்கு இங்கே வேண்டியது இரண்டாவது வண்டி.

1929, சாலிஸ்கான். அம்பேத்கர் அப்போது பாரிஸ்டர், முனைவர் பட்டம் பெற்றவர், பம்பாய் அரசு நியமித்த குழுவின் உறுப்பினர். ரயிலடியில் இறங்கியவரை மகார்வாடாவுக்கு அழைத்துப் போக மக்கள் குதிரை வண்டி தேடினார்கள். தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது தங்களுக்கு இழிவு என்று டாங்காக்காரர்கள் மறுத்தார்கள். பெரிய தலைவர் நடந்து வருவது நமக்கு அவமானம் என்று மக்கள் நினைத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களில் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. சிறு பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. தன் கௌரவத்தைக் காப்பாற்றப் போய் அந்த மக்கள் தன் உயிரையே ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்று பிறகு அவரே எழுதுகிறார். அதில் கோபம் இல்லை. மக்களின் அன்பு அவருக்குத் தெரியும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறார்.

அய்யன்காளியின் வில்லுவண்டிக்கும் சாலிஸ்கான் டாங்காவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் கௌரவத்துக்காக ஏறிய வண்டிகள்தான். அய்யன்காளியின் குடும்பத்துக்கு, அன்றைய புலையர்களில் அரிதாக, சொந்த நிலம் இருந்தது. காளைக்குத் தீனி போட முடியும். வண்டி அவருடையது, காளை அவருடையது, கூட வந்தவர்களும் அவருடையவர்கள். சாலிஸ்கானில் வண்டி ஒருவனுடையது, ஓட்டத் தெரிந்தவன் வர மறுத்தவன், சக்கரம் சிக்கினால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

ஒன்பது வருடப் பழைய ஜெர்மன் கார் எது என்று இப்போது கணக்குப் பார்ப்போம். உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு.

முதல் கேள்வி, ஐம்பது லட்சத்துக் கார் ஏன் பதினோரு லட்சத்துக்கு வருகிறது? முதல் சொந்தக்காரர் பெரும்பாலும் தொழில் செய்பவர். நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருப்பார். வருடா வருடம் 15 சதவீதம் தேய்மானம் என்று கணக்குக் காட்டி வருமான வரியைக் குறைத்திருப்பார். மாதச் சம்பளக்காரரான நம் தம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. வாரண்டி தீரும் நேரத்தில் அவர் விற்பார். இரண்டாமவர் இரண்டு மூன்று வருடம் ஓட்டி, முதல் பெரிய செலவு வந்ததும் கைமாற்றுவார். அந்தக் காரில் நல்ல காலம் முடிந்து செலவுக் காலம் தொடங்கும் இடத்தில் நாம் போய் நிற்கிறோம்.

தம்பி பார்த்தது டெல்லி வண்டி. புரோக்கர் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்று 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் எட்டு, ஒன்பது வயதிலேயே அந்த வண்டிகள் லாரி ஏறித் தெற்கே வருகின்றன. விலை குறைவுதான். ஆனால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரியைக் கட்ட வேண்டும், அங்கே பாக்கி அபராதம் இருந்தால் அதுவும் நம் தலையில். 'எழுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு' என்பது மீட்டர் சொல்வது. மீட்டரைத் திருத்துவது இந்தத் தொழிலில் ரகசியமே இல்லை.

வட்டி. புது வண்டிக் கடனைவிடப் பழைய வண்டிக் கடனுக்கு வட்டி அதிகம். எட்டு லட்சம், அறுபது மாதம், 9 சதவீதம் என்றால் தவணை சுமார் 16,600 ரூபாய். அதே எட்டு லட்சம் 14 சதவீதத்துக்குப் போனால் சுமார் 18,600. ஐந்து வருடத்தில் ஒன்றேகால் லட்சம் வரை வட்டியாகவே கூடுதல். பழையதற்கு அதிக வட்டி, புதியதற்குக் குறைந்த வட்டி. கையில் இல்லாதவன்தான் அதிகம் கட்ட வேண்டும் என்ற கந்துவட்டி நியாயம் குளிர்சாதன அறைக்குள்ளும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் ரிப்பேர். இந்தக் கார்களின் விலைதான் தேயும், பாகங்களின் விலை தேயாது. கார் பதினோரு லட்சத்துக்கு இறங்கிவிட்டாலும் கியர்பாக்ஸ் ஐம்பது லட்சத்துக் காரின் கியர்பாக்ஸ்தான். ஒரு சென்சார் போனால் எச்சரிக்கை விளக்கு எரியும், அதைப் படிக்க அதற்கான கருவி வேண்டும், அந்தக் கருவி திண்டிவனம் மெக்கானிக்கிடம் இருக்காது. அதை ஏற்றிச் செல்லும் லாரிக்கு ஒரு வாடகை, சென்னையில் திறந்து பார்க்க ஒரு கூலி. இப்படி ஒரு காரை வாங்கிய இன்னொரு தோழரை எங்களுக்குத் தெரியும். எட்டாம் மாதம் கியர் விழவில்லை. மதிப்பீடு மூன்றரை லட்சம் என்றார்கள். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததை எடுத்துப் பாதி கட்டினார், மீதிக்குத் தனிநபர் கடன். ஆறு மாதம் அந்தக் கார் காலனி முனையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பேசியது கார் ஓடியபோது பேசியதைவிட அதிகம். கடைசியில் மூன்று லட்சத்துக்குத் தள்ளிவிட்டார்.

நம் முதல் தலைமுறைச் சம்பளத்தின் கீழே வலை கிடையாது. இதுதான் விஷயம். தாத்தா காலத்து அம்பாசிடர்க்காரரின் பேரன் பழைய பென்ஸ் வாங்கி, அது படுத்துவிட்டால் அப்பாவின் இன்னொரு காரில் போவான். அவனுக்கு அது ஒரு கதை. நம் தம்பியின் சம்பளத்தில் அப்பாவின் நுரையீரல் மருந்து இருக்கிறது, தங்கையின் படிப்பு இருக்கிறது, பாதியில் நிற்கும் வீட்டின் கூரை இருக்கிறது. அங்கே ஒரு கியர்பாக்ஸ் விழுந்தால் அதெல்லாம் சேர்ந்து விழும்.

காலனியில் ஒரு கார் என்றால் அது ஒருவருடையது மட்டும் அல்ல. இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலி என்றால் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். பாம்புக்கடிக்கும் அந்தக் கதவுதான். அந்த நேரத்தில் கிளம்புகிற கார் வேண்டும். டயர் வெடித்தால் விக்கிரவாண்டியிலேயே மாற்ற முடிகிற கார் வேண்டும். 2024 இறுதியில் வந்த புது டிசையர் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய பெட்ரோல் கார் என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். நாங்கள் மாருதிக்கு ஏஜெண்ட் அல்ல. இதே அளவில் வேறு நிறுவனத்தின் கார் பிடித்தாலும் சரிதான்.

இன்னொன்று, எந்தக் கார் விளம்பரமும் சொல்லாதது. முழுக் காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் காரை யாராவது கொளுத்தினால் ஒரு பைசா வராது. முழுக் காப்பீட்டில் கலவரம், விஷமச் செயல், தீ எல்லாம் அடங்கும். பழைய சொகுசுக் காருக்கு முழுக் காப்பீட்டுத் தொகை கடிக்கும் என்பதால் பலரும் மூன்றாம் நபரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடையாறில் இருப்பவர் அப்படிச் செய்யலாம். நத்தம் காலனியைப் பார்த்த நாம் செய்யக்கூடாது. எந்தக் கார் வாங்கினாலும், வருடா வருடம், முழுக் காப்பீடு. புகைப்படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், பத்திரங்கள் காருக்குள்ளேயே எரிந்துபோக வேண்டாம்.

இனி அந்த 'புதிய' என்ற சொல். மனுவின் பத்தாம் அத்தியாயம் சூத்திரருக்குக் கொடுக்கச் சொல்வது எச்சில் சோறும், கந்தல் துணியும், பதரும், பழைய தட்டுமுட்டுச் சாமானும். சண்டாளருக்கு விதிப்பது பிணத்தின் ஆடையும் உடைந்த கலமும். சாதி நமக்கு எழுதிவைத்த பொருளாதாரமே செகண்ட் ஹேண்ட்தான். அதனால்தான் 'புதிய ஆடை' என்று 2015இல் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. புதியதை உடுத்துவதுதான் அவர்களைக் குத்தியது. உள்ளே ஏறி உட்கார்ந்தால் யாருடைய வியர்வையும் படியாத இருக்கை, பிளாஸ்டிக் உறை கிழிக்காத இருக்கை, முதல் பெயராக நம் பெயர் ஏறிய பதிவுச் சான்று. இது சின்ன விஷயமா?

கொஞ்சம் மிகையாகத்தான் பேசுகிறோம் என்பது எங்களுக்கே தெரிகிறது. பழைய கார் வாங்குவதெல்லாம் மனுநீதி ஆகிவிடாது. மூன்று வயதான மாருதியையோ ஹூண்டாயையோ தெரிந்தவரிடம் பார்த்து வாங்குவது நல்ல புத்திதான், பட்ஜெட் ஆறு லட்சம் என்றால் அதைத்தான் சொல்லியிருப்போம். நாங்கள் எதிர்ப்பது, அடுத்தவன் அனுபவித்துக் கழித்த சொகுசை நம் தலைமுறையின் முதல் சேமிப்பை வாங்கிக்கொண்டு நம்மிடம் 'கெத்து' என்று விற்பதை. இன்ஸ்டாகிராமில் பறை இசையைப் பின்னால் ஓடவிட்டுப் பழைய பென்ஸ் விற்கிறார்கள் இப்போது. நம் பறையை வைத்தே நம்மிடம் கல்லா கட்டுகிறார்கள்.

தம்பி கடைசியாக ஒன்று சொன்னார். உண்மையான தயக்கம் அதுதான் போலிருக்கிறது. "டிசையர்னா கால் டாக்சினு நெனப்பாங்க அண்ணே. சிக்னல்ல நிக்கும்போது கதவத் தொறந்து ஏறி உக்காந்து, 'கோயம்பேடு போப்பா'ம்பாங்க."

நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. சென்னையில் அந்த டாக்சிகளை ஓட்டுபவர்கள் யார் தம்பி? உங்கள் காலனியிலிருந்து மட்டும் எத்தனை பேர்? சாலிஸ்கான் டாங்காக்காரன் ஒரு பாரிஸ்டரைத் தனக்குக் கீழே என்று நினைத்தான். சாதி அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தது. இன்றைக்கு ஒரு மென்பொருள் பொறியாளர், டாக்சி ஓட்டும் தன் சித்தப்பா மகனோடு தன்னைச் சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து எட்டு லட்சம் கடனில் விழ வேண்டுமா? நம்மை ஓட்டுநர் என்று நினைத்து ஏறினால், 'இது சொந்தக் கார், இறங்குங்க சார்' என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். இழிவு நினைத்தவனுடையது.

சித்தப்பா மகன் பேச்சு வந்ததும் அவர் சிரித்துவிட்டார். வண்டி எடுக்கப் போகும்போது பார்த்து வாங்கித் தரப்போவதே அவன்தானாம்.

பத்து நாளைக்கு முன் எடுத்துவிட்டார்கள். வெள்ளை வேண்டாம் என்று நீலம் எடுத்திருக்கிறார், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஷோரூமில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்ட வந்தவர்களை நிறுத்தி, அண்ணல் படத்தை டேஷ்போர்டில் வைத்து அம்மா கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார். புறவழிச்சாலையில் போனால் காலனிக்கு நேரே போய்விடலாம், தேர்த்தெரு வழியாக என்றால் இரண்டு கிலோமீட்டர் சுற்று. தேர்த்தெரு வழியாகத்தான் போயிருக்கிறார்கள். அம்மா முன்சீட்டில். டீக்கடைக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது, ஊர்க்காரர்கள் ஆளுயரத்துக்குப் போட்டு வைத்தது, தாழ்வான கார் என்றால் அடியில் உரசி நிற்கும். இது உரசவில்லை. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியதாம். அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாராம்.